பொற்கிழியும் பெயரும்

திருவிளையாடற் புராணத்தில் தருமிக்குப் பொற்கிழி அளித்த படலத்தைப் படித்தவர்களும், படிக்காமல் 1965-ல் வெளிவந்த திரைப்படத்தில் நாகேஷின் நடிப்பைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தவர்களும், பெரும்பாலும் நக்கீரரின் பக்கம் நின்றோ தருமியின் பக்கம் நின்றோதான் அந்தக் கதையை நினைவில் வைத்திருக்கிறார்கள். புலமையின் அஞ்சாமையைப் போற்ற விரும்புகிறவர்களுக்கு நக்கீரர் இருக்கிறார். வறுமைக்காக மனம் இரங்குகிறவர்களுக்குத் தருமி இருக்கிறான். மூன்றாவது ஆசாமி ஒருவர் இருக்கிறாரே, பாட்டை எழுதிக் கையில் கொடுத்துவிட்டுத் தாம் வெளியே தெரியாமல் இருந்துகொண்டவர், அவரைக் கடவுளாகக் கும்பிடுகிறார்களே ஒழிய, பிறர் பெயரில் எழுதித் தரும் தொழிலின் ஆதி கர்த்தாவாக யாரும் கருதுவதாகத் தெரியவில்லை. அந்தத் தொழிலிலேயே ஜீவனம் நடத்துகிறவன் என்ற முறையில், எனக்கு அவரிடத்தில் பக்தியோடுகூட ஒருவிதமான சகதொழிலாளி அபிமானமும் உண்டு.

தொழில் கண்ணோடு பார்த்தால் அந்தக் கதையில் இரண்டு விஷயங்கள் கவனிக்கத் தக்கவை. முதலாவது, கூலியைப் பற்றியது. ஆயிரம் பொன் தருமிக்குக் கிடைத்தது. பாட்டோ, குறுந்தொகையின் இரண்டாம் பாட்டாக, இறையனார் என்ற பெயரிலேயே இன்றுவரை நிலைத்துவிட்டது. இன்றைய நடைமுறை இதற்கு நேர்மாறானது. பொன் எழுதியவனுக்கு, பெயர் எழுதச் சொன்னவருக்கு என்பதே எங்கள் உடன்படிக்கை. இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியமானது. சபையில் குற்றம் சொல்லப்பட்டபோது தருமியால் ஒரு வார்த்தை பதில் பேச முடியவில்லை. எழுதிக் கொடுத்தவரே எழுந்து வரவேண்டியிருந்தது. பாட்டில் குற்றம் உண்டா இல்லையா என்பது நக்கீரருக்கும் இறைவனுக்கும் உள்ள வழக்கு. அதில் தலையிட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால், தன் பெயரில் படித்த பாட்டுக்குத் தன்னாலேயே பதில் சொல்ல முடியாத நிலையில் ஒரு மனிதனைச் சபைக்கு அனுப்பலாமா என்பது என் தொழிலைச் சேர்ந்த கேள்வி. அனுப்பக் கூடாது என்பதே என் அபிப்பிராயம். நாலு பேர் கேட்டால் தாமே விளக்கம் சொல்லக்கூடிய வாக்கியத்தைத் தவிர வேறு எதையும் ஒருவர் பெயரில் எழுதிக் கொடுப்பதில்லை என்பதை நான் ஒரு விரதமாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் வேலை எப்படிப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். காலையில் ஒரு தொழிலதிபரின் சுயசரிதையில் ஓர் அத்தியாயம். மத்தியானம் ஒரு கல்லூரியின் வெள்ளிவிழா மலருக்குத் தாளாளரின் வாழ்த்துரை. சாயங்காலம் ஏதாவது ஒரு வர்த்தக சங்கத் தலைவரின் ஏற்புரை. இடையிடையே பத்திரிகைக்கு என் சொந்தப் பெயரில் ஒரு கட்டுரை. சனிக்கிழமை மாலையில் மாம்பலத்தில் ஒரு மாடியறையில் எழுத்துப் பயிற்சி வகுப்பு. இவற்றில் என் பெயர் அச்சாகிற வேலைக்குத்தான் சன்மானம் எல்லாவற்றிலும் குறைவு என்பதை இத்தொழிலில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

பிறருக்காக எழுதுவது ஏதோ கௌரவக் குறைவான காரியம் என்று கருதுகிறவர்கள், ஒரு நாள் சார்பதிவாளர் அலுவலக வாசலில் போய் நின்று பார்க்க வேண்டும். அங்கே உட்கார்ந்திருக்கும் ஆவண எழுத்தர், நிலத்தை விற்கிறவருடைய வாயாகவே மாறி, எனக்குப் பிதுரார்ஜிதமாகப் பாத்தியப்பட்டது என்றும், நானே ஆண்டு அநுபவித்து வருவது என்றும் தன்மையிலேயே கிரயப் பத்திரத்தை எழுதிக்கொண்டு போகிறார். எழுதி முடித்துவிட்டு, கடைசிப் பக்கத்தில், சாட்சிகளின் கையொப்பத்தை ஒட்டித் தம்முடைய பெயரையும் உரிம எண்ணையும் குறித்துத் தாமும் ஒப்பமிடுகிறார். விற்கிறவர் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதனால் எழுதியவருடைய பொறுப்பு தீர்ந்துபோவதில்லை. எழுதியவர் யார் என்பது தெரிந்துவிட்டதனால் விற்கிறவருடைய பாத்தியதையும் குறைந்துபோவதில்லை. அரை கிரவுண்டு மனைக்கு உள்ள இந்த ஒழுங்கு, ஒரு மனிதருடைய எண்பது வருஷத்து வாழ்க்கையை எழுதும்போது மட்டும் ஏனோ நமக்கு நினைவுக்கு வருவதில்லை.

உதவி பெற்று எழுதியதனால் நூல் பிறருடையதாகிவிடும் என்ற பயமும் வீண். டாக்டர் உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வெளிவந்துகொண்டிருந்த காலத்தில் ஐயருக்கு வயது எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. அவருடைய மாணவர் கி.வா.ஜகந்நாதன் அந்தப் பணிகளில் உடனிருந்து துணை புரிந்தவர் என்பது தமிழ் வாசகர்கள் அறிந்த செய்தி. அதனால் அந்த நூலின் ஒரு வரியாவது ஐயருடையது அல்லாமல் போய்விட்டதா? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட நாட்களைப் பற்றி யார் எந்தச் சந்தேகத்தைக் கேட்டிருந்தாலும் பதில் சொல்லியிருக்கக் கூடியவர் அவர் ஒருவரே அல்லவா? ஆகையால் அது அவருடைய சரித்திரம். பேனாவைப் பிடித்த விரல்கள் யாருடையவை என்பது இரண்டாம் பட்சமான விஷயம்.

இந்த உண்மையை எனக்கு மிகவும் தெளிவாக உணர்த்தியவர் ஒரு பண்டிதர் அல்ல. விருதுநகரில் மிளகாய் வற்றல் மண்டி நடத்தி நல்ல நிலைமைக்கு வந்த ஓர் அண்ணாச்சி. அவருடைய எண்பதாம் பிறந்தநாளுக்குள் புத்தகம் வந்துவிட வேண்டும் என்று ஏற்பாடு செய்தவர் அவருடைய மகன். நிர்வாகவியல் படித்தவர், தகப்பனாரிடத்தில் அபாரமான மரியாதை உள்ளவர், அந்த மரியாதையின் காரணமாகவே, நான் எழுதிக் கொடுத்த ஒவ்வோர் அத்தியாயத்தின் தலையிலும் தாமே ஒரு தத்துவ வாக்கியத்தைச் சேர்த்துக்கொண்டு வந்தார். வணிகம் என்பது மனிதநேயத்தின் மறுவடிவம் என்பது அவற்றில் ஒன்று. எழுதியதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் உரியவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவது என் வழக்கம். இந்த வாக்கியத்தைப் படித்ததும் அண்ணாச்சி கையை உயர்த்தி நிறுத்தினார்.

“நல்லாத்தான் இருக்கு தம்பி. விழாவுல யாராவது எந்திரிச்சு, அண்ணாச்சி இதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டா, நான் மகன் மூஞ்சியைல்ல பார்க்கணும்?”

“அப்போ வியாபாரம்னா என்னன்னு நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. அதையே தலையில போட்டுருவோம்.”

“என்னன்னு எனக்கு எங்க தெரியும்? எப்படிப் படிச்சேன்னு வேணா சொல்றேன். காதாலதான் படிச்சேன். வத்தலைக் கை நிறைய அள்ளிக் காதுகிட்ட வச்சுக் குலுக்கணும். உள்ள விதை சலசலன்னு பேசுச்சுன்னா காய்ஞ்ச சரக்கு. பேசலைன்னா ஈரம் கிடக்குன்னு அர்த்தம். எடைக்காகத் தண்ணி தெளிச்சுக் கொண்டாந்திருப்பான். பதினாலு வயசுல முதலாளி என் கையில வத்தலைக் கொடுத்து, கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுடாம்பாரு.”

அந்த அத்தியாயம் அந்தப் பேச்சோடுதான் ஆரம்பமாயிற்று. மகனும் மறுப்பேதும் சொல்லவில்லை. தகப்பனார் கண்ணை மூடிக்கொண்டு வற்றலைக் குலுக்கிய சங்கதி அவருக்கே அன்றுதான் தெரியும் என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். அதே அண்ணாச்சி, தம்மை ஏமாற்றிவிட்டுப் பிரிந்துபோன கூட்டாளியைப் பற்றி வெகு நேரம் விஸ்தாரமாகச் சொல்லிவிட்டு, கடைசியில் அதில் ஒரு வரிகூடப் புத்தகத்தில் வேண்டாம் என்று தடுத்துவிட்டார். “அவன் செத்துட்டான் தம்பி. பதில் சொல்ல ஆளில்லாதப்ப நான் மட்டும் பேசக் கூடாது” என்பது அவர் சொன்ன காரணம். நம்முடைய சொல்லுக்கு நாம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பதோடு, யாரைப் பற்றிச் சொல்கிறோமோ அவருக்கும் பதில் சொல்ல அவகாசம் இருக்க வேண்டும் என்ற இந்த நியாயத்தை, பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்ட ஒரு வியாபாரி எனக்குக் கற்றுக் கொடுத்தார்.

இந்த நியாயத்தின் காரணமாகவே சில வேலைகளை நான் ஏற்பதில்லை. முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டை எழுதித் தர முடியுமா என்று கேட்டு வருகிறவர்கள் கொடுப்பதாகச் சொல்லும் தொகை, ஒரு சுயசரிதைக்குக் கிடைப்பதைவிடக் கணிசமானது. வருகிறவர்களும் பெரும்பாலும் கெட்டவர்கள் அல்லர், குடும்பச் சுமையாலும் வேலை நிர்ப்பந்தத்தாலும் அலுத்துப்போனவர்கள். ஆனால் ஆய்வேட்டுக்குப் பின்னால் வாய்மொழித் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. அங்கே கேட்கப்படும் கேள்விக்கு நான் எழுந்து போய்ப் பதில் சொல்ல முடியாது. சிறுகதைப் போட்டிக்குக் கதை எழுதித் தரச் சொல்கிறவர்களுக்கும் இதே பதில்தான். மேடைப் பேச்சை எழுதித் தருவேன். ஆனால் பேசப் போகிறவர் என்னோடு உட்கார்ந்து, இன்ன விஷயத்தைச் சொல்லப் போகிறேன் என்று தம் வாயால் முதலில் சொல்லியாக வேண்டும்.

பேச்சைப் பற்றிச் சொல்லும்போது சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் என் வகுப்புக்கு வரும் இளைஞர்களில் பலர் யாப்பிலக்கணத்தைக்கூட ஆர்வத்தோடு கேட்கிறார்களே ஒழிய, ஒப்பந்தம் என்றதும் கொட்டாவி விடுகிறார்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியராக அல்லாமல் சுதந்திரமாக எழுதுகிறவருடைய எழுத்துக்கு அவரே முதல் உரிமையாளர். அந்த உரிமையைப் பிறருக்கு மாற்றித் தருவது எழுத்து மூலமாகவும் கையொப்பத்தோடும் நடைபெற வேண்டும்; வாய் வார்த்தை செல்லாது. எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாமல் விட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எந்த எல்லைக்குள் என்று குறிப்பிடாமல் விட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டமே பொருள் கொண்டுவிடும். ஆனால் பொதுமேடையில் நிகழ்த்தப்படும் சொற்பொழிவுக்கு மாத்திரம், பேசியவருக்கே முதல் உரிமை என்று அந்தச் சட்டம் தனியாக வகுத்திருக்கிறது. சபையில் எழுந்து நின்று சொன்னவனே சொல்லுக்கு உடையவன் என்ற அந்த ஏற்பாட்டில், எனக்கு நஷ்டம் உண்டாயினும், ஒரு தர்மம் இருப்பதாகவே தோன்றுகிறது.

பாதகமான ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதன் அபாயத்துக்கு உலக இலக்கியத்தில் பிரசித்தமான உதாரணம் ஒன்று உண்டு. கடன்காரர்களின் தொல்லை தாங்காமல் தஸ்தயேவ்ஸ்கி ஒரு பதிப்பாளரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில், 1866 நவம்பர் 1-ஆம் தேதிக்குள் ஒரு புதிய நாவலைக் கொடுக்கத் தவறினால், ஒன்பது வருஷ காலத்துக்கு அவருடைய எழுத்துகளைச் சல்லிக்காசு கொடுக்காமல் அச்சிட்டுக்கொள்ளும் உரிமை பதிப்பாளருக்கு உண்டு என்ற நிபந்தனை இருந்தது. கெடு நெருங்கிய அக்டோபர் மாதத்தில், சுருக்கெழுத்து அறிந்த அன்னா என்ற இளம்பெண்ணை வைத்துக்கொண்டு 26 நாட்களில் ‘சூதாடி’ நாவலைச் சொல்லி முடித்து அவர் தப்பித்தார். மறு ஆண்டு அந்தப் பெண்ணையே மணந்தும் கொண்டார். தவறான ஒப்பந்தங்கள் எல்லாம் இப்படிக் கல்யாணத்தில் முடிவதில்லை என்பதை இளைஞர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பணத்தைப் பொறுத்தவரை, மொத்தத் தொகையை மூன்றாகப் பிரித்து, ஆரம்பிக்கும்போது ஒரு பங்கு, முதல் பிரதியைக் கொடுத்ததும் ஒரு பங்கு, திருத்தம் முடிந்து அச்சுக்குப் போவதற்கு முன் ஒரு பங்கு என்று வாங்கிக்கொள்வதே விவேகம். மலர் வெளிவந்த பிறகு தருகிறோம் என்பதை ஒரு வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது; அது ஓர் ஆசீர்வாதம், அவ்வளவுதான். வெள்ளிவிழா மலர் ஒன்றை எழுதிக் கொடுத்த கல்லூரியில், விழா நடந்து, பந்தல் பிரித்து, அடுத்த கல்வியாண்டு பிறந்த பிறகும், ‘செக் ரெடியா இருக்கு சார், ஐயா கையெழுத்துதான் பாக்கி’ என்ற ஒரே பதிலைக் கணக்குப் பிரிவில் மாறாத மரியாதையோடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். வருமான வரிக்காக நூற்றுக்குப் பத்து ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். பிடித்த பணம் நம் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நம்முடைய வேலை.

சமீப காலமாக ஒரு புதிய வகை வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். கணினி எழுதிக் கொடுத்த பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, ‘எல்லாம் இருக்கு சார், கொஞ்சம் டச் பண்ணிக் கொடுத்தாப் போதும்’ என்று சொல்லிப் பாதிக் கட்டணம் பேசுகிறார்கள். அந்த இயந்திரத்தின் மேல் எனக்கு விரோதம் ஒன்றும் கிடையாது. ஒலிப்பதிவுகளை எழுத்தில் பெயர்க்க நானும் அதைத்தான் உபயோகிக்கிறேன், விருதுநகர்ப் பேச்சை அது எழுதுகிற விசித்திரத்தைக் கண்டு வீட்டோடு சிரிக்கவும் செய்கிறேன். ஆனால் அண்மையில் என்னிடம் திருத்தத்துக்கு வந்த ஒரு நினைவு மலரில், மறைந்துபோன பெரியவரைப் பற்றி ஐந்து பேர் பெயரில் ஐந்து இரங்கலுரைகள் இருந்தன. ஐந்திலும் அவர் அன்பின் திருவுருவம், ஐந்திலும் எளிமையின் சிகரம், ஐந்திலும் ஈடுசெய்ய முடியாத இழப்பு. ஐவரில் ஒருவராவது அவரோடு ஒரு தடவை காபி சாப்பிட்டதாகத் தெரியவில்லை. பெரியவருடைய பேரனைக் கூப்பிட்டு, தாத்தா கோபம் வந்தால் என்ன செய்வார் என்று கேட்டேன். பேசமாட்டார், எழுந்து போய்க் கிணற்றடியில் ஏற்கெனவே துவைத்த வேஷ்டியை மறுபடியும் துவைப்பார் என்றான். அந்த ஒரு வாக்கியத்தைச் சேர்த்த பிறகுதான் மலரில் ஒரு மனிதர் தென்பட்டார். இயந்திரத்துக்கு அந்த வேஷ்டி தெரியாது. அதனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

கேட்டு வாங்குவதுதான் இந்தத் தொழிலின் உயிர் என்றால், வகுப்பில் கற்பிப்பதும் அதையேதான். எழுத்தைக் கற்றுக் கொடுக்க முடியுமா என்ற பழைய விவாதத்தில் நான் இறங்கப் போவதில்லை. கற்பனையையும் மேதையையும் யாரும் யாருக்கும் கொடுத்துவிட முடியாது. ஆனால் எழுதின வாக்கியத்துக்குப் பதில் சொல்லும் பழக்கத்தை நிச்சயமாகக் கற்பிக்கலாம். என் வகுப்புக்கு வருகிறவர்களில் கல்லூரி மாணவர்கள் உண்டு, மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்க்கிறவர்கள் உண்டு, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு இப்போதுதான் தமக்கென்று சிறிது அவகாசம் கிடைத்திருக்கும் தாய்மார்கள் உண்டு, ஓய்வு பெற்றவர்கள் உண்டு. இவர்கள் அத்தனை பேரும் முதல் வாரத்தில் எழுதிக்கொண்டு வருவது அநேகமாக ஒரே கட்டுரையாகத்தான் இருக்கும்: வாழ்க்கை என்றால் என்ன என்று அதில் விளக்கப்பட்டிருக்கும்.

ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரும் அப்படியே வந்தார். வாழ்க்கை ஒரு ரயில் பயணம் என்று ஆரம்பித்து, இன்பமும் துன்பமும் இரண்டு தண்டவாளங்கள் என்று வளர்த்து, இறுதி நிலையத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். வகுப்பில் எல்லோரும் மரியாதைக்குத் தலையை ஆட்டினார்கள். நான் அந்தக் கட்டுரையைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல், “சார், வண்டி நடுவழியில நின்னுட்டா கார்டு என்ன செய்யணும்?” என்று கேட்டேன். அதுவரை கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தார்.

“வண்டிக்குப் பின்னால நடக்கணும் சார். 600 மீட்டர்ல தண்டவாளத்து மேல ஒரு டெட்டனேட்டர் கட்டணும். 1200 மீட்டர்ல, பத்து மீட்டர் விட்டு விட்டு, மூணு கட்டணும். பின்னால வேற வண்டி வந்து அது மேல ஏறுச்சுன்னா வெடிக்கும். டிரைவர் உடனே பிரேக் போட்டுருவார்.”

“ராத்திரியிலயுமா அங்கிள்?” என்றாள் ஒரு மாணவி.

“ராத்திரியிலதாம்மா பெரும்பாலும் நிக்கும்.”

அதற்குப் பிறகு கேள்விகள் தாமாகவே வந்தன. இருட்டில் 600 மீட்டர் என்று எப்படித் தெரியும்? கம்பங்களை எண்ணிக்கொண்டே போவோம். கையில் என்ன இருக்கும்? சிவப்பும் பச்சையும் மாற்றிக் காட்டக்கூடிய விளக்கு. பயமாக இருக்காதா? இந்தக் கேள்விக்கு மட்டும் அவர் உடனே பதில் சொல்லவில்லை; அடுத்த வாரம் எழுதிக்கொண்டு வந்தார். விருத்தாசலத்துக்கும் அரியலூருக்கும் நடுவே ஓர் இரவு என்ஜின் கோளாறாகி வண்டி நின்றதும், தாம் இறங்கி ஜல்லியில் நடந்து போனதும், நடக்க நடக்கத் தம்முடைய வண்டியின் பின்விளக்கு சின்னதாகிக்கொண்டே போனதும், தூங்கிக்கொண்டிருந்த ஆயிரம் பேருக்கும் தாம் அங்கே நிற்பது தெரியாது என்ற எண்ணம் வந்ததும் அதில் இருந்தன. வாழ்க்கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வகுப்பில் யார் எதைக் கேட்டாலும் அந்தக் கட்டுரையின் எந்த வரிக்கும் அவரால் பதில் சொல்ல முடிந்தது. அவருக்கு ஒரு வாக்கியம்கூட நான் எழுதிக் கொடுக்கவில்லை. இரண்டு இடங்களில் ஒற்று விட்டுப் போயிருந்ததை மட்டும் போட்டேன்.

இப்படிக் கற்றுக் கொடுப்பதனால் நாளைக்கு என்னிடம் வரவேண்டிய வாடிக்கையாளர்களை நானே குறைத்துக்கொள்கிறேன் என்று ஒரு நண்பர் எச்சரித்தார். அவர் சொல்வது வாஸ்தவம். ஆனால் தாமே எழுதக்கூடியவர் தாமே எழுதுவதுதான் உத்தமம். அதற்கு அவகாசமோ பயிற்சியோ இல்லாதவருக்கு எழுதிக் கொடுப்பது மத்திமம். சொல்ல ஒன்றும் இல்லாதவருக்குச் சொல் ஜோடித்துக் கொடுப்பதுதான் அதமம். முதல் இரண்டினால் வரும் வருமானமே என் குடும்பத்துக்குப் போதுமானதாக இருந்துவருகிறது.

உங்கள் வீட்டுப் பெரியவரைப் பற்றி ஒரு புத்தகம் கொண்டுவர உத்தேசம் இருந்தால், எழுத்தாளரைத் தேடுவதற்கு முன்னால் நீங்களே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வாழ்க்கைத் தத்துவத்தைக் கேட்காமல், முதல் சம்பளம் எவ்வளவு, அதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார், எந்த வேலையைச் செய்யும்போது கை காய்த்துப்போயிற்று என்று கேளுங்கள். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு எழுதுகிறவரை அமர்த்தும்போது விவரங்களைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். எழுதி வந்ததை வரிக்கு வரி உரக்கப் படித்துப் பார்த்து, கேட்டால் பதில் சொல்ல முடியாத வரிகளைத் தயவு தாட்சண்யமின்றி அடித்துவிடுங்கள். புத்தகத்தின் உட்பக்கத்தில், எழுத்தாக்கம் என்று ஒரு வரி சேர்த்து எழுதியவரின் பெயரைப் போடுங்கள். போட மனமில்லையென்றால், பேசிய பணத்தையாவது சொன்ன தேதியில் கொடுத்துவிடுங்கள்.